இடது பெடல் எந்தப் பக்கம் கழலும்?

முதல் நாளே ஒரு வண்டியைக் கெடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். சைக்கிள் பட்டறையைப் பற்றி எழுதச் சொல்லிக் கேட்ட தோழி சேவை, மனநிறைவு என்று ஏதோ எதிர்பார்க்கிறாள், எனக்கோ முதலில் ஞாபகம் வருவது பெடலைத் தாங்கும் தண்டான, மரை போன அந்தக் கிராங்குதான். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

தெற்கு லண்டனில், கிராய்டன் பக்கம், ஒரு தேவாலயத்தின் பின்கட்டில் பழைய கார் ஷெட் ஒன்று இருக்கிறது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறரைக்கு அதன் ஷட்டரைத் தூக்கினால் சைக்கிள் பட்டறை. கடை என்று சொல்ல முடியாது. வேலை செய்கிற எங்களுக்குச் சம்பளம் கிடையாது, வருகிறவர்களிடம் கூலி கேட்பதும் கிடையாது. வாசலில் ஒரு பிஸ்கட் டப்பா இருக்கும், முடிந்தவர்கள் ஏதாவது போடலாம். உள்ளே வண்டியைக் கவ்விப் பிடித்துத் தூக்கி நிறுத்தும் ஸ்டாண்டுகள் ஆறு. சுவர் முழுக்க சாவிகள், அதாவது ஸ்பேனர்கள், ஒவ்வொரு சாவிக்குப் பின்னாலும் அதே உருவத்தை மஞ்சள் பெயின்ட்டில் வரைந்து வைத்திருக்கிறார்கள், ராத்திரி ஒன்பது மணிக்கு எந்தச் சாவி வீடு திரும்பவில்லை என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும். பத்தாம் நம்பர் ஸ்பேனர் மட்டும் என்றைக்குமே திரும்பியதில்லை. கீரனூரில் அப்பா கடையிலும் அது காணாமல்தான் போகும். அது எங்கேதான் போகிறது என்று யாராவது ஆராய்ச்சி செய்யலாம்.

அங்கே நடப்பது இரண்டு வேலை. யார் வேண்டுமானாலும் தங்கள் வண்டியைக் கொண்டுவந்து, எங்கள் சாவிகளை வைத்துக்கொண்டு, எங்களைக் கேட்டுக் கேட்டுத் தாங்களே சரி பண்ணிக்கொள்ளலாம். இது ஒன்று. இன்னொன்று, தோட்டத்துக் கொட்டகைகளில் துருப்பிடித்துக் கிடக்கும் வண்டிகளை ஜனங்கள் எங்களிடம் கொடுப்பார்கள், அவற்றைத் தேற்றி, அகதிகளாக வந்து விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருப்பவர்களுக்குக் கொடுப்போம். லண்டனில் இந்த இரண்டாவது வேலையைப் பெரிய அளவில் செய்வது 'தி பைக் புராஜெக்ட்' என்ற அமைப்பு, 2013இலிருந்து செய்கிறார்கள். எங்களுடையது அதற்குப் பக்கத்தில் பெட்டிக்கடை மாதிரி.

முதல் நாள், "எனக்கு சைக்கிள் வேலை தெரியும், எங்க அப்பா சைக்கிள் கடை வெச்சிருந்தார்" என்று வாசலிலேயே பெருமையடித்துக்கொண்டேன். சரி என்று ஒரு வண்டியைக் காட்டி, இரண்டு பெடலையும் கழற்றச் சொன்னார்கள். வலது பெடல் ஒரே தம்மில் கழன்றது. இடதும் அப்படித்தானே என்று அதே பக்கம் திருப்பினேன், அசையவில்லை, நீளமான சாவியாக எடுத்து மாட்டி ஏறி மிதித்தேன். சாவி வழுக்கி என் விரல் மொழி ஸ்டாண்டில் இடித்துத் தோல் பெயர்ந்ததுதான் மிச்சம். அப்புறம்தான் ஒருவர் வந்து, இடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம் என்றார். நான் இவ்வளவு நேரமும் இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். அலுமினியக் கிராங்க், உள்ளே இருந்த மரை பொடிப் பொடியாக வந்தது.

இது ஏன் இப்படி என்று அன்று ராத்திரி உட்கார்ந்து தேடிப் படித்தேன். ஒரு பென்சிலை இடது கைமுஷ்டிக்குள் தளர்வாகப் பிடித்துக்கொண்டு, வெளியே நீட்டியிருக்கும் நுனியை வலது கை விரலால் வட்டம் போடுகிற மாதிரி தள்ளிக்கொண்டே போங்கள். நீங்கள் தள்ளுவது ஒரு பக்கம், முஷ்டிக்குள் பென்சில் உருளுவது எதிர்ப்பக்கமாக இருக்கும். பெடல் அச்சும் கிராங்கின் துளைக்குள் அப்படித்தான் மெள்ள மெள்ள உருளப் பார்க்கிறது. இரண்டு பக்கமும் ஒரே மரையாக இருந்தால் இடது பெடல் நாலைந்து நாளில் தானாகக் கழன்று ரோட்டில் விழும், அதற்காகத்தான் மாற்றி வைத்திருக்கிறார்கள். நினைவில் வைக்கச் சுலபமான வழி: சாவியை பெடல் அச்சுக்கு மேலே நிற்கிற மாதிரி மாட்டு, முன் சக்கரத்தைப் பார்த்துத் தள்ளினால் இறுகும், பின் சக்கரத்தைப் பார்த்து இழுத்தால் கழலும். எந்தப் பக்கப் பெடலானாலும் இதே கணக்குதான்.

சைக்கிள் கடைக்காரர் மகளுக்கு இது எப்படித் தெரியாமல் போனது?

எங்கள் கடை கீரனூரில், திருச்சி ரோட்டின் மேலேயே. தகரக் கொட்டகை, வாசலில் வரிசையாக ஒன்பது வாடகை சைக்கிள், ஒவ்வொன்றின் மட்கார்டிலும் வெள்ளை பெயின்ட்டில் நம்பர். எனக்கு அந்தக் கடையில் மூன்று வேலைகள் உண்டு. வாடகை நோட்டில் பேரும் நேரமும் எழுதுவது, காற்றடிப்பது, அப்பா ஓவராயிலுக்குப் பிரித்துப் போட்ட பால்ரஸ் குண்டுகளை மண்ணெண்ணெயில் அலசித் துணியில் உருட்டி எடுத்து எண்ணிக் கொடுப்பது. அதற்கு மேல் கிடையாது. ஸ்பேனரைத் தொட்டால் "தள்ளு ஆத்தா, நான் பாத்துக்கிறேன். பொம்பளப் புள்ள கையில கறை எதுக்கு?" என்று வாங்கிக்கொள்வார். திட்டுகிற குரலில்லை, பிரியமாகத்தான் சொல்வார், அதனால் சண்டை போடவும் முடியாது. தம்பிக்கு எட்டு வயதிலேயே ஸ்பேனர் கொடுத்தாயிற்று. அவன் இன்று வங்கியில் இருக்கிறான், பஞ்சர் ஒட்டச் சொன்னால் ஆள் கூப்பிடுவான்.

ஆகவே எனக்குத் தெரிந்ததெல்லாம் கண்ணால் தெரிந்தது. இத்தனைக்கும் பெடலை அப்பா தனியாகக் கழற்றி நான் பார்த்த ஞாபகமே இல்லை. அந்தக் கால வண்டியில் கிராங்கைப் பிடித்திருக்கும் காட்டர் பின்னைச் சுத்தியலால் தட்டி எடுத்தால் கிராங்கோடு சேர்ந்து கைக்கு வந்துவிடும்.

அதே அப்பாதான் 1991, 92இல் ஊர்ப் பெண்களுக்கெல்லாம் சைக்கிள் கொடுத்தவர். அறிவொளி இயக்கம் புதுக்கோட்டை மாவட்டத்தில் எழுத்தோடு சேர்த்து சைக்கிளையும் கற்றுக்கொடுத்த காலம், ஷீலா ராணி சுங்கத் கலெக்டர். மாவட்டம் முழுக்க ஒரு லட்சம் பெண்களுக்கு மேல் ஓட்டக் கற்றார்கள் என்பார்கள், எனக்குத் தெரிந்த கணக்கு எங்கள் வாடகை நோட்டு. அதுவரைக்கும் ஆண் பேர்களாகவே நான் எழுதிக்கொண்டிருந்த நோட்டில், சாயங்காலம் ஆனால் செல்வி, மாரியாயி, நாச்சம்மை என்று பக்கம் பக்கமாகப் பெண் பேர்கள். ஞாயிற்றுக்கிழமை பள்ளி மைதானத்தில் நிற்க இடம் இருக்காது. லேடீஸ் சைக்கிள் எங்களிடம் ஒன்றே ஒன்றுதான், பாதிப் பேர் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பார் வண்டியிலேயே ஏறினார்கள், அப்புறம் சிலர் பார் வண்டிதான் வேணும் என்றே கேட்டார்கள், குழந்தையைப் பாரில் உட்கார வைக்கலாமே. வளைந்த பெடலும் திரும்பிப்போன ஹேண்டில்பாருமாக வண்டிகள் திரும்பி வரும். அப்பா ராத்திரி பத்து மணி வரை பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் நிமிர்த்திக்கொண்டிருப்பார், நான் பக்கத்தில் பால்ரஸ் எண்ணிக்கொண்டிருப்பேன். அடுத்த வீட்டுப் பெண் ஓட்டலாம், சொந்த மகள் ரிப்பேர் செய்யக் கூடாது. இதை அன்றைக்கு நான் ஒரு முரணாகவே பார்க்கவில்லை என்பதுதான் வேடிக்கை.

லண்டனுக்கு 2009இல் வந்தேன். பதினொரு வருஷம் சைக்கிள் ஞாபகமே இல்லை. 2020 ஊரடங்கில் ரயிலில் ஏறப் பயந்து எல்லோரும் சைக்கிள் வாங்கக் கிளம்ப, கடைகளில் வண்டியே கிடைக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் கொட்டகையிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பின் சக்கரத்தில் பஞ்சர். ட்யூபைக் கழற்றி, பக்கெட் தண்ணீரில் அமுக்கி, குமிழி வந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, காயவிட்டேன். நாற்பது வயதை நெருங்கும்போது, வாழ்க்கையில் நானே ஒட்டிய முதல் பஞ்சர். பார்த்துப் பார்த்தே எல்லாம் உள்ளே இருந்திருக்கிறது. சொல்யூஷனை ஈரமாக இருக்கும்போது ஒட்டக் கூடாது, பளபளப்பு போய் மங்கலாக வேண்டும், அப்பா அதற்கு வைத்திருந்த அளவு ஒரு பீடி. பட்டறையில் இதையே நான் ஒரு பிஸ்கட் என்று சொல்லித் தருகிறேன். தடவு, ஒரு பிஸ்கட்டை மென்று முழுங்கு, அப்புறம் ஒட்டு.

அடுத்த வருஷம் பட்டறையில் சேர்ந்தேன். கிராங்கைக் கெடுத்தேன். அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை, பழைய கிராங்க் டப்பாவிலிருந்து ஒன்றைப் பொறுக்கி என் கையில் கொடுத்து, மாட்டு என்றார்கள்.

பட்டறையை நடத்துகிறவர் ரயில்வே சிக்னல் வேலையில் ஓய்வுபெற்ற ஆங்கிலேயர், பேச்சு குறைவு. அவர் வைத்திருக்கும் சட்டம் ஒன்றே ஒன்று: சாவி வண்டிக்காரர் கையில்தான் இருக்க வேண்டும். நாம் சொல்லலாம், காட்டலாம், பக்கத்து வண்டியில் செய்து காட்டலாம், அந்த வண்டியில் கை வைக்கக் கூடாது. அவர் எப்போதும் இரண்டு கையையும் அக்குளில் செருகிக்கொண்டுதான் நிற்பார். குளிருகிறது போல என்று நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, செய்து பாருங்கள். ஒரு பையன் டயரை ரிம்மில் ஏற்றப் போராடுகிறான். கடைசி ஒரு சாண் ஏறமாட்டேன் என்கிறது, நெம்புகோலைப் போட்டு நெம்பி உள்ளே ட்யூபைக் கிள்ளப் போகிறான், எனக்குத் தெரிகிறது. வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் தொடங்கி வால்வுகிட்ட வந்து முடிக்க வேண்டும், ஏறின பகுதியையெல்லாம் ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் அமுக்கிக்கொண்டே வந்தால் கடைசியில் கட்டைவிரலே போதும், நெம்புகோல் தேவையில்லை. நான் செய்தால் மூன்று நிமிஷம். அவன் செய்தால் முக்கால் மணி நேரம், நடுவில் புது ட்யூப் ஒன்றும் கிள்ளி ஓட்டையாகும், அதையும் ஒட்ட வேண்டும். என் கை தானாக நீளும். அதை இழுத்துப் பையில் போட வேண்டும். கடையில் வளர்ந்தவளுக்கு இது ரொம்பக் கஷ்டம், ஏனென்றால் கடையில் வாடிக்கையாளர் ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடிப்பார், சாவியைத் தொட்டால் அது கடைக்காரருக்கு அவமானம்.

ஒரு தடவை ஏதோ ஒரு நிறுவனத்தின் ஊழியர்கள் ஒரே நிற டி-ஷர்ட்டில் இருபது பேர் வந்து அரை நாள் 'சமூகப் பணி' செய்துவிட்டுப் போனார்கள். நல்ல பிள்ளைகள். போட்டோ நிறைய எடுத்தார்கள். அடுத்த செவ்வாய் நாங்கள் உட்கார்ந்து பதினொரு வண்டியின் பிரேக்கை முதலிலிருந்து மாட்டினோம், ஒன்றில் பிரேக் கட்டை ரிம்முக்குப் பதிலாக டயரைப் பிடித்துக்கொண்டிருந்தது. அதைச் சொல்லி யாரையும் குறை சொல்லவில்லை, நானும் கிராங்க் உடைத்தவள்தானே. ஆனால் வண்டி வாங்கிக்கொள்பவரை நிறுத்தி வைத்துப் போட்டோ எடுக்கிற வழக்கத்தை எங்கள் பட்டறை அன்றோடு அறவே நிறுத்திவிட்டது, அதில் எனக்கு ரொம்பத் திருப்தி.

பழைய வண்டியைத் தேற்றுவதில் பாதி வேலை கண் வேலைதான். செயினில் பன்னிரண்டு அங்குல ஸ்கேலை வைத்துப் பார்க்கலாம். ஒரு பின்னின் நடுவில் பூஜ்ஜியத்தை வைத்தால், சரியான செயினில் இன்னொரு பின்னின் நடு மிகச் சரியாகப் பன்னிரண்டில் நிற்கும். அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தாண்டியிருந்தால் செயினை மாற்று, எட்டில் ஒரு பங்கு தாண்டியிருந்தால் அது பல்லையும் தின்றிருக்கும், பின்சக்கரப் பல்லையும் சேர்த்து மாற்று. டயர் அளவு அதைவிட மோசம். 26 அங்குலம் என்று எழுதியிருக்கும் இரண்டு டயர் ஒன்றுக்கொன்று சேராது. மலை வண்டியின் 26 என்றால் ரிம் 559 மில்லிமீட்டர், பழைய ராலே மூன்று கியர் வண்டியின் 26 என்றால் 590. எங்கள் ஊரின் பெரிய சைக்கிள், 28 என்று சொல்வோமே, அது 635. அங்குலத்தை நம்பாதே, பக்கவாட்டில் பொடி எழுத்தில் இருக்கும் மில்லிமீட்டரைப் படி என்று புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் தலைப்பாடாகச் சொல்வேன்.

அந்த 635ஐ நான் லண்டனில் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை. ஒருநாள் ஒரு பாட்டி, கணவருடையது என்று ஒரு கறுப்பு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து விட்டுப் போனார். துருவும் ஒட்டடையுமாக இருந்தது. சும்மா சக்கரத்தைச் சுற்றிவிட்டு, பழக்க தோஷம், போக்ஸ் கம்பியை எண்ணினேன். முன்னால் 32, பின்னால் 40. அப்பா கோட்டம் எடுக்கும்போது சாக்பீஸை ரிம்முக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு வாய்க்குள் எண்ணுவாரே, அதே 32, அதே 40. நாட்டிங்காமில் செய்த ராலே. நாங்கள் அட்லஸ், ஹீரோ, ஹெர்குலிஸ் என்று ஓட்டியதெல்லாம் இதன் வம்சம்தான், நம் அம்பத்தூரில் 1949இல் டி.ஐ. சைக்கிள் தொடங்கியதே ஓர் இங்கிலாந்துக் கம்பெனியோடு கூட்டு சேர்ந்துதான், அதே கம்பெனி 1960இல் ராலேயையும் வாங்கியது. கீரனூரில் என்னைச் சுற்றி நின்ற வண்டிகளின் பாட்டன் இங்கே என் கைக்கடியில் நிற்கிறது. பின்சக்கரத்தின் நடுவில், கியர் உள்ளேயே இருக்கும் ஹப்பைத் துணியால் துடைத்தால் ஸ்டர்மி ஆர்ச்சர் என்ற பேரும் 68, 4 என்ற எண்களும் தெரிந்தன. 1968, ஏப்ரல் மாதம் செய்த ஹப் என்று அர்த்தம்.

ஆனால் அந்த மூன்று கியர் ஹப்பை எப்படிச் சரி பண்ணுவது என்று எனக்குத் தெரியாது, எங்கள் ஊர் வண்டிகளில் ஏது கியர்? நடுக் கியரில் போட்டால் பெடல் சில சமயம் காற்றில் சுற்றியது. காயலான் கடையில் போட்டுவிடலாமா என்று இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தபோது, பேத்தியின் குட்டி சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றிருந்த ஒரு பெரியவர் என்னைப் பார்த்து, "பிள்ளை, உது றலி எல்லோ? உதைத் தூக்கி எறியப் போறியளே?" என்றார்.

யாழ்ப்பாணத்துக்காரர், ராலேயைத்தான் றலி என்கிறார். இங்கே வந்து இருபது வருஷத்துக்கு மேல், பெட்ரோல் நிலையத்தில் ராத்திரி வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1990இல் சண்டை திரும்பத் தொடங்கியபோது பொருளாதாரத் தடை வந்து, குடாநாட்டுக்குள் பெட்ரோல் இல்லை, மின்சாரம் இல்லை, பேட்டரி கொண்டுபோகத் தடை, பல வருஷத்துக்கு சைக்கிள்தான் எல்லாமும். விறகும் அதில்தான், நோயாளியும் அதில்தான். "பெற்றோல் இல்லாத ஊரில இருந்து வந்து பெற்றோல் செட்டில நிண்டனான்" என்று சிரிப்பார்.

ஹப்பின் வலது பக்கத்து நட்டில் சின்னதாக ஒரு ஜன்னல் இருக்கிறது, நான் கவனித்ததே இல்லை. கியரை நடுவில் போடச் சொன்னார். அந்த ஜன்னல் வழியாகப் பார்த்தால், சின்னச் சங்கிலியோடு சேர்ந்த தண்டு தெரியும், அதன் விளிம்பு அச்சின் நுனியோடு மட்டமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் கேபிளை அரைச் சுற்று அரைச் சுற்றாக இழு, அவ்வளவுதான். நான்கு அரைச் சுற்று. பெடலைச் சுற்றினேன், டிக் டிக் டிக் என்று கியர் சத்தம் கேட்டது. அவர் தலையைச் சாய்த்து அதைக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

அப்புறம் டீ குடிக்கும்போது டைனமோக் கதை சொன்னார். "சைக்கிளைக் கவிட்டுப் போட்டுப் பெடலைச் சுத்த வேணும், பிள்ளை. டைனமோவில இருந்து வயர் இழுத்து, ரேடியோக் கடைப் பெடியன் ஒரு டயோட் போட்டுத் தந்தவன். இரவில பிபிசி தமிழோசை கேக்க ஒராள் சுத்துவார், பத்துப் பேர் சுத்திவர இருப்பம். சுத்திறவர் களைச்சால் செய்தி வாசிக்கிறவரும் களைச்சுப் போவார்."

இப்போது செவ்வாய் தவறாமல் வருகிறார். கோட்டம் எடுப்பதில் எங்களில் யாரும் அவர் பக்கம் நிற்க முடியாது. சட்டத்தை மட்டும் மதிக்கவே மாட்டார், யார் கையிலிருந்தாலும் சாவியைப் பிடுங்கிக்கொள்வார், "உப்பிடியில்லை, விடுங்கோ". அவரிடம் சட்டம் பேச எங்கள் ரயில்வேக்காரருக்கும் தைரியம் இல்லை.

வண்டி வாங்கிக்கொள்ள வருகிறவர்களைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன், அவரவர் கதை அவரவருடையது. பணக் கணக்கு மட்டும் சொல்கிறேன். 2024 தொடக்கத்தில், சாப்பாடு போடும் ஹோட்டல்களில் தங்கவைக்கப்பட்ட அகதி விண்ணப்பதாரர்களுக்கு அரசு கொடுத்த கைச்செலவு வாரத்துக்கு 8.86 பவுண்ட். அப்போது லண்டன் பஸ்ஸில் ஒரு தடவை ஏற 1.75. ஐந்து தடவை ஏறினால் 11 பென்ஸ் மிச்சம். முதல் ஒரு வருஷமாவது வேலை பார்க்க அனுமதி கிடையாது. வக்கீலைப் பார்க்க, மருத்துவரைப் பார்க்க, இங்கிலீஷ் வகுப்புக்கு, கிராய்டனில் இருக்கிற குடியேற்றத் துறை அலுவலகமான லூனார் ஹவுஸுக்கு என்று அலைய வேண்டியிருக்கும், நடந்தால் நாள் போய்விடும். சைக்கிள் கிடைத்ததும் முதலில் எங்கே போவீர்கள் என்று ஒருவரைக் கேட்டேன். எங்கேயும் இல்லை, சும்மா ஒரு சுற்று என்றார்.

எரித்ரியாக்காரர்கள் வந்தால் பட்டறை கலகலப்பாகிவிடும். அவர்கள் நாட்டில் சைக்கிள் பந்தயம் என்றால் நம் ஊர் கிரிக்கெட் மாதிரி. 2024 ஜூலை 1ஆம் தேதி அஸ்மாராவைச் சேர்ந்த பினியம் கிர்மே டூர் டி பிரான்ஸில் ஒரு நாள் ஓட்டத்தை ஜெயித்தார், அந்தப் பந்தயத்தில் ஒரு நாளை ஜெயித்த முதல் கறுப்பின ஆப்பிரிக்கர் அவர்தான். மறுநாள் செவ்வாய். வேலையே நடக்கவில்லை. ஒரு பையன் போனை ஸ்டாண்டில் கவ்வவைத்து, கடைசி நூறு மீட்டரைத் திரும்பத் திரும்ப எல்லோருக்கும் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தான், யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒவ்வொரு தடவையும் புதிதாகப் பார்ப்பது மாதிரி கைதட்டினார்.

வண்டியைக் கையில் கொடுப்பதற்கு முன்னால் ஒரு சோதனை உண்டு. முன்சக்கர அச்சில் தொடங்கி ஹேண்டில்பாருக்கு ஏறி, கீழே கிராங்குக்கு இறங்கி, மறுபடி சீட்டுக்கு ஏறி, பின்சக்கர அச்சுக்கு இறங்க வேண்டும். ஆங்கில எம் எழுத்து மாதிரி வருவதால் எம் செக் என்பார்கள். கை போகிற வழியில் இருக்கும் ஒவ்வொரு நட்டும். முன் பிரேக் எந்தக் கையில் என்றும் பார்க்க வேண்டும், இங்கே அது வலது கை, ஐரோப்பாவிலிருந்து வந்த வண்டியானால் இடது கையில் இருக்கும். தெரியாமல் இறுக்கி அழுத்தினால் தலைகுப்புற விழ வேண்டியதுதான்.

ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த ஒரு பெண் அந்த வசந்த காலத்தில் வர ஆரம்பித்தார். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும். அதுவரை சைக்கிளில் ஏறியதே இல்லை. தேவாலயத்தின் கார் நிறுத்துமிடத்தில் பெண்களுக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்கிறோம்: சீட்டைத் தாழ்த்தி, இரண்டு பெடலையும் கழற்றிவிட்டு, காலால் உந்தி உந்தி நிதானம் பழக வேண்டும், நிதானம் வந்ததும் பெடலை மாட்டிக்கொள்ளலாம். மூன்றாவது வாரம் அவருக்கு நிதானம் வந்துவிட்டது. பெடலை மாட்ட வண்டியை உள்ளே கொண்டுவந்தார். வலது பெடலை மாட்டியாயிற்று. இடது பெடலைக் கையில் எடுத்து வலது மாதிரியே திருகப் பார்க்கிறார், மரை கவ்வவில்லை, கொஞ்சம் சாய்த்து அழுத்துகிறார். இன்னும் ஒரு திருகு திருகினால் மரை போச்சு. எனக்கு என் கிராங்க் ஞாபகம் வந்துவிட்டது, என்ன செய்கிறேன் என்று தெரியாமலே பாய்ந்து அவர் கையிலிருந்து பெடலையும் சாவியையும் வாங்கி, "தள்ளுங்க, நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன்.

தமிழில் சொல்லியிருக்கிறேன். அவருக்கு என்ன புரியும்? ஆனால் புரிந்ததுபோலத்தான் ஒரு அடி பின்னால் நகர்ந்து, கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். நான் இரண்டு நிமிஷத்தில் மாட்டி முடித்தேன். நிமிர்ந்தால் ரயில்வேக்காரர் கையை அக்குளில் செருகிக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒன்றும் சொல்லவில்லை. நான் மாட்டிய பெடலைக் கழற்றி அந்தப் பெண் கையில் கொடுத்தேன். மன்னிப்பு எப்படிக் கேட்பது என்று தெரியாமல், அடுத்த வண்டியில் எதிர்ப்பக்கம் திருகிக் காட்டினேன்.

அந்த ஜூலை மாதம் அப்பா இங்கே வந்திருந்தார். வயது எழுபத்திரண்டு. கடையை மூடிப் பத்து வருஷமாயிற்று. கட்டிடங்களையும் ஆற்றையும் காட்டினால் "ம்" என்பார், ரோட்டோரத்தில் பூட்டியிருக்கும் சைக்கிளிடம் மட்டும் நின்று குனிந்து பார்ப்பார். பட்டறைக்குக் கூட்டிப்போனேன். சுவரில் வரிசையாக மாட்டியிருந்த சாவிகளைக் கோயிலில் பிரகாரம் சுற்றுகிற மாதிரி ஒரு சுற்று பார்த்துவிட்டு, "கூலி எவ்வளவு ஆத்தா வாங்குறீங்க?" என்றார்.

"கூலியெல்லாம் இல்லப்பா."

"காத்தடிக்கக்கூடவா?"

யாழ்ப்பாணத்துப் பெரியவரும் அவரும் கோட்டத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்து, ஒருவர் தமிழ் இன்னொருவருக்குப் பாதி புரியாமலே அரை மணி நேரம் பேசினார்கள். அப்புறம் அப்பா சும்மா இருக்க முடியாமல் ஸ்டாண்டு ஸ்டாண்டாக எட்டிப் பார்க்கத் தொடங்கினார். இதற்குள் பல வாரம் ஓட்டிப் பழகியிருந்த அந்த ஆப்கன் பெண், தனக்கென்று ஒதுக்கிய ஒரு நீல வண்டியில் பெடல் மாற்றிக்கொண்டிருந்தார். பழைய இடது பெடல் துருப்பிடித்து இறுகியிருந்தது. எண்ணெய் விட்டு, சாவியை மாட்டி, பின்சக்கரத்தைப் பார்த்து இழுத்துக்கொண்டிருந்தார், சரியான பக்கம்தான், வலுதான் போதவில்லை. அப்பா நேராகப் போய், எதுவும் கேட்காமல், அந்தப் பழைய பிரியத்தோடு கையை நீட்டி, அவரிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டார்.

நான் அங்கிருந்து நகர்வதற்குள் அந்தப் பெண் எழுந்து நின்று அப்பாவைப் பார்த்தார். அவருக்கு வந்திருந்த இங்கிலீஷில் இரண்டு வார்த்தை, "என் வண்டி" என்று சொல்லி, மெதுவாக, ஆனால் நன்றாகவே இழுத்து, அப்பா கையிலிருந்து சாவியைத் திரும்ப எடுத்துக்கொண்டார். மறுபடி மாட்டி, கிராங்கை ஒரு காலால் அணை கொடுத்துக்கொண்டு, உடம்பு முழுவதையும் பின்னால் சாய்த்தார். பட்டென்று துரு விட்டுக்கொடுக்கும் சத்தம் கேட்டது.

அப்பா இரண்டு அடி பின்னால் வந்து என் பக்கத்தில் நின்றார். கறை படிந்த கையை வேட்டியில் துடைக்கப் போய், பேண்ட் போட்டிருப்பது ஞாபகம் வந்து, அப்படியே நீட்டிப் பிடித்துக்கொண்டார். நான் துணி எடுத்துக் கொடுத்தேன்.